மறதியும் மறவாமையும்

மக்களுக்கு வாய்த்துள்ள ஆற்றல்கள் பல. அவற்றுள் நினைவாற்றல் தலைசிறந்தது. நேற்றுக் கற்ற பாடம் இன்று உதவுவதும், நெடுநாள் பிரிந்திருந்த நண்பரைக் கண்டவுடன் முகம் மலர்வதும், அடுப்பில் வைத்த பாலை உரிய நேரத்தில் இறக்குவதும் நினைவின் செயல்களே. நினைவு என்னும் நார் அறுந்துபோமாயின், வாழ்க்கை என்னும் மாலையில் தொடுக்கப்பட்ட நாள்கள் யாவும் தனித்தனி மலர்களாய் உதிர்ந்து சிதறும்.

மறதியோ எல்லார்க்கும் உள்ளதே. எழுதுகோலை எங்கே வைத்தோம் என்று தேடாத மாணவர் இலர். மூக்குக்கண்ணாடியை நெற்றியின்மேல் ஏற்றிவைத்துக்கொண்டே வீடெங்கும் தேடாத முதியவரும் இலர். இத்தகைய மறதியைக் கண்டு நாம் நகைக்கிறோம். சிலபோது கடிந்தும் பேசுகிறோம். ஆயினும், நகைத்தற்கும் கடிதற்கும் உரியதல்லாத மறதி ஒன்று உண்டு. அஃது ஒரு நோய். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி, ‘கற்றதை மறவாதீர்’ என்று மாணவர்க்கு ஓயாது கூறிவந்த யான், அம்மறதியைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தேன். அதனை எனக்கு அறிவித்தது ஒரு பொதுநலச் சங்கத்தின் வாரக் கூட்டமாகும்.

வாரந்தோறும் கூடிப் பொதுத்தொண்டு புரியும் சங்கங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றுள் மூத்தது ரோட்டரி சங்கம். 1905ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவருடன் ஒன்றுகூடினார். சிற்றூரில் வளர்ந்த அவருக்குப் பெருநகரின் தனிமை பெருந்துன்பமாய் இருந்தது. தொழிலால் வேறுபட்டோர் நட்பினால் ஒன்றுபட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்நண்பர்கள் தம் கூட்டத்தை ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்து மாறி மாறி நடத்தினர். அச்சுழல்முறையே ரோட்டரி என்னும் பெயருக்குக் காரணமாயிற்று. நட்புக்காகத் தோன்றிய கூட்டம் நாளடைவில் தொண்டுக்குரிய சங்கமாக வளர்ந்தது. சென்னையில் அதன் கிளை 1929ஆம் ஆண்டில் அமைந்தது. 1985ஆம் ஆண்டு முதல் போலியோ என்னும் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கும் பணியை அச்சங்கத்தார் உலக அளவில் மேற்கொண்டனர். அரசும் மருத்துவரும் தொண்டரும் ஒன்றுபட்டு உழைத்ததன் பயனாக, 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியா போலியோ நீங்கிய நாடெனச் சான்று பெற்றது.

1917ஆம் ஆண்டில் மெல்வின் ஜோன்ஸ் என்பாரின் முயற்சியால் அரிமாச் சங்கம் தோன்றிற்று. கண்ணும் செவியும் இழந்தும் கல்வியில் உயர்ந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925ஆம் ஆண்டில் அச்சங்கத்தார் கூடிய பேரவையில், பார்வையற்றோர்க்கு உதவுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளை ஏற்ற அரிமாக்கள் கண் மருத்துவத் தொண்டைத் தம் தலையாய பணிகளுள் ஒன்றாகக் கொண்டனர். ஒரு கூட்டத்தில் நிகழ்ந்த ஒரு சொற்பொழிவு எத்துணைப் பெரிய பயனை விளைக்கக் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இத்தகைய சங்கங்களைப் பார்த்துத் தோன்றிய பொதுநலச் சங்கம் ஒன்று எங்கள் ஊரிலும் உண்டு. ஊரும் சிறியது, சங்கமும் சிறியது. வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், அச்சகத்தார், உழவர் எனப் பல தொழிலினரும் சேர்ந்த நாற்பதின்மர் அதன் உறுப்பினர். வியாழக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் தொடங்கும். தலைவர் மேசைமேல் உள்ள வெண்கல மணியை ஒருமுறை ஒலிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடப்பெறும். சென்ற வார நடவடிக்கைகளைச் செயலாளர் படிப்பார். வந்தோர், வாராதோர் பெயர்கள் குறிக்கப்பெறும். அவ்வாரம் பிறந்தநாள் காணும் உறுப்பினரை அனைவரும் வாழ்த்துவர். பின்னர், அழைக்கப்பெற்ற அறிஞர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவார், வினாவிடை நடைபெறும், நன்றியுரைக்குப் பின் மீண்டும் மணி ஒலிக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த சிறு வில்லை ஒன்றைச் சட்டையில் அணிந்திருப்பர். நாள்தோறும் கடைத்தெருவில் சந்திப்பவர்களுக்குப் பெயர்வில்லை எதற்கு என்று யான் பலமுறை எண்ணியதுண்டு. அதன் பயனைப் பின்னரே அறிந்தேன்.

சங்கத்தின் பொருளாளராகப் பதினான்கு ஆண்டுகள் விளங்கியவர் ஒரு ஜவுளி வணிகர். எழுபது வயது கடந்தவர்; கணக்கில் ஒரு காசும் பிழையாதவர் என்று பெயர் பெற்றவர். அவர் ஓராண்டாகவே மாறிவந்தார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் நடைபெறும் நாளை மறந்தார். உறுப்பினர் ஒருவரிடம் சந்தாவைப் பெற்றுக்கொண்டு, மறுவாரமும் அதனையே கேட்டார். ஆண்டு முடிவில் கணக்கு நேர்படவில்லை. 4,200 ரூபாய் குறைந்தது. எவரும் அவரை வெளிப்படையாகக் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் முணுமுணுப்பு எழுந்தது. “வயது ஆயிற்று, காசின்மேல் உள்ள ஆசை மட்டும் போகவில்லை போலும்” என்றார் ஒருவர். அதனைக் கேட்டு நகைத்தவர்களுள் யானும் ஒருவன். சற்றுத் தொலைவில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதன்பின் அவர் கூட்டத்திற்கு வரவில்லை. வாராதோர் வரிசையில் அவர் பெயர் வாரந்தோறும் படிக்கப்பெற்றது. ‘ஏன் வரவில்லை?’ என்று வினவியவர் எவரும் இலர்.

இவ்வாறிருக்க, செப்டம்பர்த் திங்கள் வந்தது. அத்திங்கள் 21ஆம் நாள், 1994ஆம் ஆண்டு முதல் உலக அல்சைமர் நாளாகக் கொண்டாடப்பெற்று வருகிறது. அதனையொட்டி, மாவட்டத் தலைநகரிலிருந்து நரம்பியல் மருத்துவ அம்மையார் ஒருவர் எங்கள் கூட்டத்திற்கு வந்து, மறதிநோய் என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். அவர் கூறியவற்றின் சாரத்தை இங்கே தருகின்றேன்.

“பெரியோர்களே! இந்நோயை ஆங்கிலத்தில் டிமென்ஷியா என்பர். இலத்தீன் மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு ‘மனம் நீங்கிய நிலை’ என்பது பொருள். நம் மக்களோ ‘புத்தி மாறாட்டம்’ என்றும், ‘சித்தக் கலக்கம்’ என்றும் கூறுகின்றனர். சப்பானியரும் முன்னர் இதனை அறிவிலி என்று பொருள்படும் ஒரு சொல்லால் வழங்கினர். அச்சொல் நோயாளியை இழிவுபடுத்துகிறது என உணர்ந்து, 2004ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதனை நீக்கி, ‘அறிதிறன் நோய்’ என்று பொருள்படும் புதுச்சொல்லை அமைத்தது. பெயர் மாறியபின், ‘என் தந்தைக்கு இந்நோய் உண்டு’ என்று வெளியே சொல்லுவதற்கு மக்கள் நாணவேண்டிய தேவை குறைந்தது. நோயை மறைப்பது நோயினும் கொடிது. ஆதலின், முதற்கண் பெயரைத் திருத்துவோம். இது பித்தன்று, பேய்க்கோளன்று, முன்வினைப் பயனும் அன்று. மூளையில் உண்டாகும் நோய்” என்று அவர் தொடங்கினார்.

பின்னர், அந்நோய் கண்டறியப்பெற்ற வரலாற்றைக் கூறினார். 1901ஆம் ஆண்டில் செருமனி நாட்டுப் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு ஆகுஸ்டே என்னும் பெண்மணி அழைத்து வரப்பெற்றார். அவருக்கு வயது 51. அவரைக் கவனித்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். கணவர் பெயர் யாது என வினவியபோது, அப்பெண்மணி தம் பெயரையே கூறினார். தம் பெயரை எழுதுமாறு பணித்தபோது, எழுதத் தொடங்கி எஞ்சியதை மறந்துபோனார். தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக அவர் வருந்திக் கூறியதையும் அம்மருத்துவர் குறித்துவைத்தார். 1906ஆம் ஆண்டில் அப்பெண்மணி இறந்தபின், அவர்தம் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்த அல்சைமர், அதில் இருவகைக் கேடுகளைக் கண்டார். அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் டூபிங்கன் நகரில் நடைபெற்ற மருத்துவர் கூட்டத்தில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். அன்று அவையிலிருந்தோர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. எனினும், 1910ஆம் ஆண்டில் கிரெப்பலின் என்னும் பேரறிஞர் தம் மருத்துவ நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார். மறதிநோயாளருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் வரை இவ்வல்சைமர் வகையைச் சேர்ந்தவரே ஆவர்.

நினைவு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு அழிகிறது என்பதை அம்மையார் எங்கள் ஊரார்க்கு ஏற்ற ஓர் உவமையால் விளக்கினார். “மூளையில் சற்றேறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒன்றோடொன்று தொடர்புகொண்டு அவை செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. மூளையின் உட்புறத்தே, இருபக்கத்திலும், கடற்குதிரை வடிவில் ஒரு பகுதி உண்டு. வணிகர் கடையில் அன்றாட வரவுசெலவைச் சிட்டையில் குறிப்பர். பின்னர்க் கணக்கர் அதனைப் பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா? அக்கணக்கரின் வேலையைச் செய்வது அக்கடற்குதிரைப் பகுதி. இன்று கண்டதையும் கேட்டதையும் அது நிலையான நினைவாக மாற்றுகிறது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் அப்பகுதியையே தாக்குகிறது. நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் திட்டுத்திட்டாய்ப் படிகிறது. அணுக்களுக்கு உள்ளே டௌ என்னும் புரதம் நூற்சிக்கல்போல் முறுக்கிக்கொள்கிறது. அணுக்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. வெளியே அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இம்மாற்றம் தொடங்கிவிடுகிறது. கணக்கர் நோயுற்றால் இன்றைய கணக்குப் பேரேட்டில் ஏறாது. பழைய ஏடுகளோ நெடுங்காலம் அழியாதிருக்கும். காலையில் உண்டதை மறந்த முதியவர் தம் பத்தாம் வயதில் கண்ட திருவிழாவை விரிவாகக் கூறுவதன் காரணம் இதுவே. அதனைக் கேட்போர், ‘பழையதெல்லாம் நினைவிருக்கிறது, இன்று சொன்னது மட்டும் மறந்துபோகுமோ? இஃது ஒரு நடிப்பு’ என்கின்றனர். அவர் நடிக்கவில்லை. இன்று சொன்னது அவர் ஏட்டில் ஏறவே இல்லை.”

இவ்வுரையைக் கேட்டபோது கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் நோக்கினர்.

இயல்பான மறதிக்கும் நோயால் வரும் மறதிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அடுத்து விளக்கினார். அறிந்தவர் பெயரை மறந்து, சிறிது நேரங்கழித்து நினைவுகூர்வது இயல்பு. சாவியை வைத்த இடத்தை மறப்பதும் இயல்பே. சாவி எதற்கு உதவுவது என்பதை மறப்பது நோயாகும். ஒரே வினாவைப் பலமுறை கேட்டல், பேசும்போது எளிய சொற்களும் வாராமல் தடுமாறல், நெடுங்காலம் பழகிய தெருவில் வழி தவறல், நாளும் கிழமையும் அறியாமை, பணத்தை எண்ணிக் கொடுப்பதில் பிழைசெய்தல், பொருளைப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறர் திருடினர் என ஐயுறல், காரணமின்றிச் சினத்தல், நண்பர் கூட்டத்தினின்று ஒதுங்குதல் ஆகியவை அந்நோயின் அறிகுறிகளாம். இவை தோன்றினால், ‘வயதானால் எல்லார்க்கும் வருவதுதானே’ என்று வாளா இருத்தல் கூடாது. முதுமையில் இந்நோய் மிகுதியாய் வருமேனும், முதுமையும் இந்நோயும் ஒன்றல்ல. தொண்ணூறு வயதிலும் தெளிந்த நினைவுடன் வாழ்வோர் உளர். ஆகுஸ்டேயைப் போல ஐம்பது வயதில் அதற்கு ஆளானோரும் உளர்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் அடைபடுவதாலும் ஒருவகை மறதிநோய் உண்டாகிறது. மேலும், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பியின் குறைபாடு, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றும். இவற்றை உரிய மருத்துவத்தால் பெரும்பாலும் சீர்ப்படுத்தலாம். ஆதலின், மறதி மிகுந்தவரை மருத்துவரிடம் காலத்தே காட்டுதல் இன்றியமையாதது. காட்டாமல் விடுவோமாயின், தீரக்கூடிய நோயையும் தீராத நோயாக்கிய பழி நம்மைச் சாரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதிநோயுடன் வாழ்ந்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் உள்ளாருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டு என 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. அஃதாவது, முதியோர் நூற்றுவருள் எழுவர்க்கும் சற்று மிகுதியானோர் இந்நோயால் வருந்துகின்றனர். “நூறு முதியோர் வாழும் தெருவில் எழுவர் உளர் எனக் கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அவ்வெழுவர் எங்கே? அவர்கள் வீட்டுக்குள் இருக்கின்றனர். அவர்களைக் கண்டு ஊரார் நகைப்பர் என்று அஞ்சி வீட்டார் கதவை அடைத்துவைத்துள்ளனர்” என்று அம்மையார் கூறினார். அவையில் அமைதி நிலவியது.

இந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சில மாத்திரைகள் அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும். படிந்த புரதத்தை அகற்றும் சில புதிய மருந்துகள் அண்மை ஆண்டுகளில் சில நாடுகளில் வழக்கிற்கு வந்துள்ளன. அவையும் தொடக்கநிலையில் உள்ளார்க்கு நோயின் போக்கைச் சற்றே தாமதப்படுத்துவனவேயன்றி, நோயை நீக்குவன அல்ல. எனினும், வருமுன் காக்கும் வழிகள் பல உள. 2024ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று, மறதிநோய்க்கு இடந்தருவனவும் மாற்றத்தக்கனவுமாகிய காரணங்கள் பதினான்கினை எடுத்துக்காட்டிற்று. கல்விக் குறைவு, செவிப்புலன் குறைதல், பார்வை குறைதல், குருதி அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், மிகுதியான மது, தலையில் அடிபடுதல், மனச்சோர்வு, மாசுற்ற காற்று, தனிமை என்பன அவை. இவற்றையெல்லாம் களைய முடியுமாயின், உலகில் மறதிநோயாளர் தொகையில் நூற்றுக்கு நாற்பத்தைந்து வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் கருத்து. நீங்கள் பள்ளியில் கற்கும் கல்வியும், மாலையில் ஆடும் ஆட்டமும், நண்பருடன் அளவளாவும் பொழுதும் உங்கள் முதுமைக்கு நீங்கள் இன்று சேர்க்கும் செல்வங்கள் என்பதை இதனால் அறிந்துகொள்ளலாம்.

நோயாளரிடம் நடந்துகொள்ளும் முறையையும் அம்மையார் எடுத்துரைத்தார். “‘நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று அவரைச் சோதிக்காதீர்கள். நீங்களே உங்கள் பெயரையும் உறவையும் கூறிப் பேச்சைத் தொடங்குங்கள். ‘இப்போதுதானே சொன்னேன்’ என்னாதீர்கள். பத்தாம் முறையும் முதன்முறை போலவே விடை கூறுங்கள். அவரோடு வழக்காடி வெல்ல முயலாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே கூறுங்கள். வீட்டில் பொருள்களை இடம் மாற்றாதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையில் வையுங்கள். யாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. நடந்த செய்தியை அவர் மறந்துவிடுவார். அச்செய்தி அவர் உள்ளத்தில் உண்டாக்கிய இன்பமோ துன்பமோ மறையாமல் நிற்கும். ஆதலின், ‘அவருக்கு என்ன தெரியப்போகிறது’ என்று எண்ணி எதையும் பேசிவிடாதீர்கள்.”

வினா எழுப்பும் நேரம் வந்தது. அச்சகம் நடத்தும் உறுப்பினர் எழுந்து, தயங்கித் தயங்கி, “அம்மா! கணக்கில் வல்லவர் ஒருவர் திடீரென்று கணக்கில் பிழை செய்வாராயின், அதுவும் இந்நோயாக இருக்கக் கூடுமோ?” என்று வினவினார்.

“இருக்கக் கூடும். பணக்கணக்கில் தடுமாறுவது இந்நோயின் தொடக்கத்திலேயே தோன்றும் அறிகுறிகளுள் ஒன்று. அத்தகையவர் ஒருவரை நீங்கள் அறிவீர்களா? அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றீர்களா?” என்று அம்மையார் கேட்டார்.

அவ்வினாவிற்கு எங்களுள் எவரும் விடை கூறவில்லை. ‘காசின்மேல் ஆசை’ என்று கூறியவர் தலைகுனிந்தார். நகைத்த யானும் தலைகுனிந்தேன். அன்று கூட்டத்தை முடிக்கும் மணி ஒலித்தபின்னும் ஒருவரும் எழவில்லை.

மறுநாளே கணக்கு ஏடுகள் மீண்டும் ஆராயப்பெற்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாய் வழங்கிய மூக்குக்கண்ணாடிகளுக்கு உரிய 4,200 ரூபாயை, பொருளாளர் அக்கடைக்கு இருமுறை செலுத்தியிருந்தார். முதன்முறை செலுத்தியதை மறந்து, மறுமுறையும் செலுத்தியிருக்கிறார். கடைக்காரர் அதனை முன்பணமாகத் தம் ஏட்டில் வரவு வைத்திருந்தார். குறைந்த பணம் ஒரு காசும் குறையாமல் கிடைத்துவிட்டது. ஆயினும், எங்கள் சொல்லால் குறைந்தது ஒன்று உண்டு; அதனை மீட்கும் வழியறியாது திகைத்தோம்.

தலைவரும் செயலாளரும் யானும் அவர் இல்லத்திற்குச் சென்றோம். அவர்தம் துணைவியார் எங்களை வரவேற்று அமரச் செய்தார். “வியாழக்கிழமை மாலையானால் சட்டை அணிவித்துத் திண்ணையில் உட்காரவைப்பேன். சிறிது நேரம் இருப்பார். பிறகு, ‘நான் அங்கே போகக்கூடாது’ என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிடுவார். ‘யார் அப்படிச் சொன்னது? என்ன நடந்தது?’ என்று கேட்டால், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. போகக்கூடாது என்பது மட்டும் தெரிகிறது” என்று அந்த அம்மையார் கூறினார். மருத்துவ அம்மையார் கூறிய கடைசி அறிவுரையின் பொருள் எங்களுக்கு அப்போதுதான் முற்றும் விளங்கிற்று. நிகழ்ந்ததை அவர் மறந்துவிட்டார். நாங்கள் செய்த புண் மட்டும் ஆறாமல் நின்றது. யான் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “ஐயா, பிழை பொறுக்க வேண்டும்” என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீர்களா?” என்று அன்புடன் கேட்டார்.

அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அல்சைமர் நோய் என்பது உறுதியாயிற்று. அடுத்த வியாழக்கிழமை முதல் உறுப்பினர் இருவர் சென்று அவரைக் கூட்டத்திற்கு அழைத்து வந்தனர். வாயிலில் நின்ற ஒவ்வொருவரும் தம் பெயர்வில்லையை அவர் காணுமாறு நிமிர்த்து அணிந்து, தம் பெயரைத் தாமே கூறி வணங்கினர். அவர் ஒவ்வொரு வில்லையையும் படித்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். வெறும் சடங்கென யான் எண்ணியிருந்த பெயர்வில்லை, நினைவிழந்த ஒருவர் நாணமின்றி நண்பர்களை அழைக்கத் துணையாயிற்று. கணக்குப் பொறுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. ஆனால், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வழங்கிய நாளில், மீட்டர்கோலை எடுத்து அளந்து மடித்து அடுக்கியவர் அவரே. மனம் மறந்தவற்றுள் பலவற்றைக் கை மறக்கவில்லை. அறுபது ஆண்டு பழகிய தொழிலில் அவர் விரல்கள் தடுமாறவே இல்லை.

துணைவியார்க்கும் ஓய்வு வேண்டும் அன்றோ? மறதிநோயாளரைக் காக்கும் பொறுப்பு நம் நாட்டில் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர்மேலேயே விழுகிறது. இரவும் பகலும் கண்ணயராது காத்து அவர்களும் நோயுறுகின்றனர். இதனை உணர்ந்த சங்கத்தார், நாளொன்றுக்கு ஒருவராக முறைவைத்துச் சென்று, இரண்டு மணி நேரம் அவருடன் இருந்தனர். அந்நேரத்தில் அந்த அம்மையார் கோயிலுக்கும் கடைக்கும் சென்று வந்தார். சிறிது உறங்கவும் செய்தார். பால் ஹாரிஸும் அவர் நண்பரும் கூட்டத்திற்கென மேற்கொண்ட சுழல்முறை, எங்கள் ஊரில் ஒரு நோயாளரைக் காத்தற்குப் பயன்பட்டது.

இரண்டு ஆண்டுகள் அவர் கூட்டத்திற்கு வந்தார். இப்போது நோய் முதிர்ந்துவிட்டது. அவர் வெளியே வருவதில்லை. வில்லையைப் படிக்கவும் இயலவில்லை. எங்களுள் எவரையும் அறிவதில்லை. ஆயினும், எங்கள் முறை நின்றுவிடவில்லை. அருகே அமர்ந்து கையைப் பற்றினால் அவர் முகம் சிறிது மலர்கிறது. அது போதும்.

மாணவர்களே! திருக்குறளின் 54ஆம் அதிகாரம் ‘பொச்சாவாமை’ என்பதாகும். பொச்சாப்பு என்றால் மறதி. மகிழ்ச்சியில் திளைத்துத் தன் கடமையைச் சோர்ந்துவிடும் மறதியையே வள்ளுவர் அங்கே கடிகின்றார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்த யான், கடியத்தக்க மறதி இன்னது, இரங்கத்தக்க மறதி இன்னது எனப் பிரித்தறியாமல், நோயுற்ற நண்பரைப் பார்த்து நகைத்தேன். அவருக்கு வந்தது நோய். எனக்கு வந்ததே பொச்சாப்பு. பதினான்கு ஆண்டுகள் அவர் ஆற்றிய நேர்மையான தொண்டை ஒரு நொடியில் மறந்தவன் யான் அல்லனோ?

உங்கள் இல்லத்திலும் தெருவிலும் முதியோர் இருப்பர். கேட்டதையே கேட்பாரைக் கண்டால் சினவாதீர்கள். வழிதவறி நிற்பாரைக் கண்டால் நகைத்து அகலாதீர்கள்; அருகே சென்று, அவருக்கு முதலில் உங்கள் பெயரைக் கூறுங்கள்; பின்னர் வீடு சேர உதவுங்கள். முதியோர்க்கு உதவுதற்கென 14567 என்னும் தொலைபேசி எண் நாடெங்கும் உள்ளது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் உங்கள் பாட்டனார், பாட்டியார் அருகே அமர்ந்து அவர்கள் கூறும் பழங்கதைகளைக் கேளுங்கள். நாளை அவர்கள் அக்கதைகளை மறக்கவும் கூடும். அன்று அவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல நீங்கள் இருப்பீர்கள். நோயுற்றார் நம்மை மறப்பது குற்றமன்று. நாம் அவரை மறவாதிருப்பதே அறமாகும்.